தேசிய சாம்பியன் அணி ஏன் பாராலிம்பிக்குக்குப் போவதில்லை? (கனடா, சக்கர நாற்காலி கர்லிங்)

முத்துநகரான் எழுதியது:

வணக்கம். நான் தூத்துக்குடியில் இருப்பவன்; ஐஸ் என்றால் மீன்பெட்டியில் அள்ளிப் போடுவதுதான் எங்களுக்குப் பழக்கம். அப்படிப்பட்டவன் 2022 பெய்ஜிங் பாராலிம்பிக்கில், பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடும் சக்கர நாற்காலி கர்லிங்கைத் தற்செயலாகப் பார்க்கப் போய், அதன்பிறகு பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சிறுவயதில் கேரம் பலகையே கதியென்று கிடந்தவனுக்கு இந்த ஆட்டம் அந்நியமாகத் தோன்றவில்லை. அங்கே காயைக் குழிக்குள் தள்ள வேண்டும், இங்கே கல்லை வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும் என்ற வேறுபாடு இருந்தாலும், கோணத்தைக் கண்ணால் அளந்து கைக்கு அளவு சொல்லும் வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

என் கேள்விக்கு வருகிறேன். கனடாவில் மாகாண அணிகள் மோதும் தேசிய சாம்பியன்ஷிப் ஒன்று நடக்கிறது. அதில் வெல்லும் அணியே கனடாவின் சட்டையை அணிந்து உலகப் போட்டிக்கும் பாராலிம்பிக்குக்கும் செல்லும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று சென்ற வாரம் ஒரு வர்ணனையில் கேட்டபோது திகைத்துப் போனேன். நடக்கக் கூடியவர்களின் ஆட்டத்தில், 1927 முதல் நடந்துவரும் பிரையர் என்ற தேசியக் கோப்பையை வெல்லும் ஆண்கள் அணி அப்படியே உலகப் போட்டிக்குப் போகிறதே! இவர்களுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.


பனிக்குருவி எழுதியது:

வணக்கம் முத்துநகரான். நான் ஒன்ராறியோவில் வசிக்கிறேன். எங்கள் ஊர்க் கர்லிங் மன்றத்தில் சில ஆண்டுகளாகத் தொண்டராக இருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கனடியச் சக்கர நாற்காலி கர்லிங் சாம்பியன்ஷிப் 2004இல் தொடங்கியது. மாகாணங்கள் அணிகளை அனுப்பும். இங்கே கர்லிங் உலகின் வழக்கப்படி வட ஒன்ராறியோ தனி மாகாணம் போலவே தனி அணியாக வரும். கியூபெக்கின் பூஷேர்வில், சஸ்காச்சுவானின் மூஸ் ஜோ போன்ற நடுத்தர ஊர்கள் இதனைப் பலமுறை நடத்தியிருக்கின்றன. பெரிய அரங்கு, ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மன்றத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பேர் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்து பார்க்கும் போட்டி இது.

நீங்கள் கேட்டது உண்மைதான். வென்ற அணிக்குப் பதக்கம் உண்டு, மாகாணத்துக்குப் பெருமை உண்டு, ஆனால் கனடாவின் சட்டை அதனோடு சேர்ந்து வராது. தேசிய அணியைக் கர்லிங் கனடா அமைப்பு தனித்தனி ஆட்டக்காரர்களாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி முகாம்களில் ஒன்று சேர்க்கிறது. 2018 பியோங்சாங்குக்குச் சென்ற அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிப் எனப்படும் தலைவர் மார்க் ஐட்சன் ஒன்ராறியோ, ஐனா ஃபாரஸ்ட் பிரிட்டிஷ் கொலம்பியா, டென்னிஸ் தீசன் மானிட்டோபா, மேரி ரைட் சஸ்காச்சுவான், மாற்று ஆட்டக்காரர் ஜேமி அன்ஸூ மீண்டும் மானிட்டோபா. ஐந்து பேருக்கு நான்கு மாகாணங்கள். தேசியப் போட்டியில் எதிரெதிராக நிற்க வேண்டியவர்கள், பாராலிம்பிக்கில் ஒருவர் நாற்காலியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.


மறுப்புரை எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நடைமுறை இது என்று சொல்வதும், இது நியாயம் என்று சொல்வதும் வேறு வேறு அல்லவா?

ஒரு போட்டிக்குத் தேசிய சாம்பியன்ஷிப் என்று பெயர் வைத்துவிட்டு, வென்றவரிடம் "கோப்பையை எடுத்துக்கொள், ஆனால் உலகப் போட்டிக்கு யார் போவதென்று நாங்கள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்கிறோம்" என்று சொன்னால், அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு? பனித்தரையில் கிடைக்கும் முடிவை யாரும் கேள்வி கேட்க முடியாது. கல் பட்டனுக்கு, அதாவது வட்டத்தின் நடுப்புள்ளிக்கு, எத்தனை அங்குலம் அருகில் நிற்கிறது என்பதை அளவுகோல் சொல்லிவிடும். தேர்வுக்குழுவின் முடிவை எந்த அளவுகோலால் அளப்பது? ஆண்கள், பெண்கள் அணிகள் ஒலிம்பிக்குக்குச் செல்லத் தனித் தகுதிப் போட்டி இருக்கிறது. அங்கேயும் வென்ற அணியே அப்படியே விமானம் ஏறுகிறது. காலால் நடப்பவர் வென்றால் உரிமை, சக்கரத்தில் செல்பவர் வென்றால் பாராட்டு மட்டும் என்பது எனக்கு உறுத்துகிறது.


கணக்கு வாத்தியார் எழுதியது:

மறுப்புரைத் தம்பியின் கோபம் புரிகிறது. ஆனால் இந்தத் தேர்வு முறையில்தான் கனடா 2006, 2010, 2014 ஆகிய மூன்று பாராலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வென்றது என்பதையும் கணக்கில் வையுங்கள். தூரின் போட்டியில் பிரிட்டனை 7–4, வான்கூவரில் தென்கொரியாவை 8–7, சோச்சியில் ரஷ்யாவை 8–3. மூன்று அணிகளிலும் முதல் கற்களை வீசியவர் சோன்யா கோடே என்ற ஒரே பெண்மணி. கனடியக் கர்லிங் புகழரங்கில் இடம்பெற்ற முதல் சக்கர நாற்காலி ஆட்டக்காரரும் அவரே. முதல் அணியில் ஸ்கிப் கிறிஸ் டா ஒன்ராறியோக்காரர். கோடேயோ பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்தவர். வென்ற மாகாணத்தை அப்படியே அனுப்பும் விதி இருந்திருந்தால், அந்த இருவரும் ஒரே அணியில் ஆடியிருக்கவே முடியாது.


மறுப்புரை எழுதியது:

ஐயா, தங்கக் கணக்கைச் சொன்னீர்கள். அடுத்த கணக்கையும் சொல்ல வேண்டாமா? 2018இலும் 2022இலும் அதே முறையில் தேர்ந்தெடுத்த அணிகள் வெண்கலத்தோடு திரும்பின, இரண்டு முறையும் சீனா தங்கம் எடுத்தது. முறை சரியென்பதற்குத் தங்கம் சான்று என்றால், முறை தவறென்பதற்கு வெண்கலமும் சான்றாகிவிடும்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். பதக்கத்தை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. 2018 இறுதியில் சீனா நார்வேயை வென்றதே கூடுதல் எண்டில் (இரு அணிகளும் தம் கற்களையெல்லாம் வீசி முடிக்கும் ஒரு சுற்றுதான் எண்ட்) 6–5 என்றுதான். ஒரு கல் இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தால் நாம் வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.


கடைசிக்கல் எழுதியது:

இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஆடுபவன் என்பதால் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கார் விபத்துக்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கர்லிங் ஆடத் தொடங்கி ஆறு குளிர்காலங்கள் ஆகின்றன. தேசியப் போட்டியில் ஆடும் தரத்துக்கு நான் இன்னும் வரவில்லை. மாகாணத் தகுதிச் சுற்றில் தோற்றவர்களுள் ஒருவன் என்ற அளவில் பேசுகிறேன்.

நீங்கள் அனைவரும் இது ஐந்து பேர் சேர்ந்த அணி என்பதிலிருந்தே தொடங்குகிறீர்கள். நான் ஒரு கல் எப்படிப் போகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தேர்வு முறைக்கான விடை அங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன்.

நாற்காலியை ஹாக் கோட்டுக்கு, அதாவது கல்லை விட்டுவிட வேண்டிய எல்லைக்கோட்டுக்கு, பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறேன். தரையில் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் மெல்லிய கோடுகள் இருக்கும். வட்டத்தின் மேல் விளிம்புக்கும் ஹாக் கோட்டுக்கும் இடையிலிருந்து வீசினால், கல் முழுவதும் அந்த இரு கோடுகளுக்குள் இருந்தாக வேண்டும். சக்கரப் பூட்டைப் போடுகிறேன். கால்கள் பனித்தரையைத் தொடக் கூடாது. அணித்தோழர் ஒருவர் எனக்குப் பின்னால் தன் நாற்காலியைக் கொண்டுவந்து, என் சக்கரங்களை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பூட்டு போட்டிருக்கும்போது இது எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். பனியில் பூட்டிய சக்கரமும் வழுக்கும். நான் கல்லை முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளல் என்னைப் பின்னால் தள்ளும். நாற்காலி ஒரு விரற்கடை திரும்பினால் போதும், மறுகோடியில் கல் வட்டத்துக்கு வெளியே போயிருக்கும்.

கல்லைத் தள்ளும் நீண்ட கோலின் தலையைக் கல்லின் கைப்பிடியில் பொருத்தி, ஸ்கிப் காட்டும் விளக்குமாற்றைக் குறிவைத்து, மணிக்கட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளி, கல் ஹாக் கோட்டைத் தொடுவதற்குள் விட்டுவிட வேண்டும். நின்று ஆடுபவர்கள் கல்லோடு சேர்ந்து உடலையும் சறுக்கவிட்டு வேகத்தைச் சரிசெய்துகொள்வார்கள். எங்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. தோளிலும் முழங்கையிலும் உள்ளதுதான் மொத்த வேகமும். அதற்கு மேல், பெருக்குவதும் கிடையாது. நின்று ஆடுபவர் கல்லைக் குறைவான வேகத்தில் விட்டுவிட்டாலும், இரண்டு பேர் முன்னால் ஓடிப் பனியைத் தேய்த்துச் சில மீட்டர் கூடுதலாக இழுத்துப் போய்விடுவார்கள். எங்கள் கல் கோலை விட்டுப் பிரிந்துவிட்டால் யாராலும் அதற்கு உதவ முடியாது.

இப்போது தேர்வு முறைக்கு வருகிறேன். பெருக்குதல் இல்லாத ஆட்டத்தில் வீசுபவர் ஏறக்குறையத் தனி ஆள். வீசுபவரும் பெருக்குபவரும் ஆண்டுக்கணக்கில் பழகி ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து ஆட வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை. ஆகவே நாட்டின் சிறந்த கைகளை எங்கிருந்தாலும் பொறுக்கிச் சேர்ப்பது, நின்று ஆடும் கர்லிங்கைவிட இதற்குத்தான் அதிகம் பொருந்தும். மறுப்புரை சொல்வது போல இது எங்களைக் குறைத்து மதிப்பிடுவதால் வந்த ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. ஆட்டத்தின் இயல்பே வேறு.


முத்துநகரான் எழுதியது:

அண்ணா, பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருக்கிறேன். முகமன் போல, ஆறுதலுக்காகத் தோள்கொடுத்து நிற்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.


கணக்கு வாத்தியார் எழுதியது:

கடைசிக்கல் சொன்ன "ஒரு விரற்கடை" மிகைச்சொல் அல்ல என்பதற்குக் கணக்கு தருகிறேன். இரண்டு ஹாக் கோடுகளுக்கும் இடையே 21.95 மீட்டர், அங்கிருந்து வட்டத்தின் நடுவுக்கு இன்னும் 6.40 மீட்டர். ஆகக் கல்லை விடும் இடத்திலிருந்து மையம் 28.35 மீட்டர். குறியில் ஒரு பாகை பிசகினால் அங்கே ஏறத்தாழ அரை மீட்டர் விலகும். வட்டத்தின் மொத்த விட்டமே 3.66 மீட்டர்தான். கல்லின் எடையோ 17 முதல் 20 கிலோவுக்குள். அரிசி மூட்டையில் பாதியைக் கைக்கோலால் தள்ளி, இருபத்தெட்டு மீட்டர் தள்ளி ஒரு தட்டின் மேல் நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். (என் வீட்டில் பத்துக் கிலோ மூட்டைதான் வாங்குகிறோம் என்று யாரும் திருத்த வர வேண்டாம்.)


பனிக்குருவி எழுதியது:

கடைசிக்கல் அண்ணாவின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன், ஆனால் அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவை ஏற்க முடியவில்லை. பெருக்குதல் இல்லாததால் அணியின் பழக்கம் தேவையில்லை என்கிறார். எனக்கு அது நேர் எதிராகத் தோன்றுகிறது.

கல் புறப்பட்ட பிறகு திருத்த முடியாது என்றால், புறப்படுவதற்கு முன்னால் எடுக்கும் முடிவுக்குத்தான் முழுக் கனமும். அந்த முடிவை எடுப்பவர் மறுகோடியில் இருக்கும் ஸ்கிப். இவர் வலப்பக்கச் சுழற்சியில் எப்போதும் கொஞ்சம் உள்ளே விடுவார், அவர் நான்காவது எண்டுக்குப் பிறகு தோள் சோர்ந்து வேகம் குறைப்பார், இவருக்குக் வழியை மறைத்து நிற்கும் காவல் கல்லைச் சுற்றிப் போய் வட்டத்துக்குள் நிற்கும் டிரா ஆட்டத்தைவிட நேராக அடித்து வெளியேற்றும் ஆட்டம்தான் வரும் என்பதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவர் விளக்குமாற்றை எங்கே வைப்பதென்று தீர்மானிக்கிறார். ஓர் ஆட்டக்காரரின் வழக்கமான பிழையை அறிந்து, அந்தப் பிழையையும் சேர்த்துக் குறிவைப்பதுதான் நல்ல ஸ்கிப்புக்கு அழகு. முகாமில் சில வாரங்கள் பழகியவருக்கு இது தெரியுமா, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் ஒரே மன்றத்தில் ஆடியவருக்குத் தெரியுமா?

நாற்காலியைப் பிடிப்பதற்கும் இதே கதைதான். தேசியப் போட்டி ஒன்றில் தொண்டராக இருந்தபோது நான் பார்த்தேன். ஓர் அணியில் வீசுபவர் எதுவும் சொல்லாமலேயே பின்னால் இருப்பவர் தன் இடது கையைக் கொஞ்சம் தாழ்த்தி அழுத்துவார். இடைவேளையில் காரணம் கேட்டேன். இவருக்கு உடலின் இடப்பக்கத்தில் பிடிமானம் குறைவு, தள்ளும்போது அந்தப் பக்கமாகச் சாய்வார், அதனால் நாற்காலி இடப்பக்கம் தூக்கும் என்றார். அவர்கள் இருவரும் ஏழு ஆண்டுகளாகச் சேர்ந்து ஆடுபவர்கள்.


கடைசிக்கல் எழுதியது:

பனிக்குருவி, நீங்கள் சொன்னதை இரண்டு நாட்கள் யோசித்துப் பார்த்தேன். ஸ்கிப் பற்றிய வாதம் சரியானதுதான், என்னால் மறுக்க முடியவில்லை. என் ஸ்கிப் எனக்கு வைக்கும் விளக்குமாறும் மற்றவருக்கு வைக்கும் விளக்குமாறும் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு இடங்களில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வசதி எத்தனை பேருக்கு வாய்க்கிறது? நின்று ஆடும் கர்லிங்கில் ஒரு பிள்ளை பத்து வயதில் மன்றத்துக்குப் போய், இளையோர் அணியில் ஆடி, பதினைந்து ஆண்டுகள் அதே மூன்று நண்பர்களோடு வளர்ந்து பிரையருக்குப் போகும். எங்கள் ஆட்டத்துக்கு ஆட்கள் அப்படி வருவதில்லை. ஐனா ஃபாரஸ்ட் 21 வயதில் குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வாகனம் மோதியதால் நாற்காலிக்கு வந்தவர். மார்க் ஐட்சன் ஹெலிகாப்டர் விமானி. 2007இல் அவருடைய ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. கோடே குதிரையிலிருந்து விழுந்தவர். சோச்சியில் கனடாவின் ஸ்கிப்பாக இருந்த ஜிம் ஆர்ம்ஸ்ட்ராங் போல, பிரையரில் பலமுறை ஆடிய அனுபவத்தோடு நாற்காலிக்கு வந்தவர்கள் அபூர்வம். மற்றவர்களுக்கு வாழ்க்கை எந்த ஊரில், எந்த வயதில் குறுக்கே விழுந்ததோ அங்கிருந்துதான் ஆட்டம் தொடங்குகிறது. ஆகவே ஒரே மாகாணத்தில், ஓட்டிப் போகக்கூடிய தூரத்தில், ஒரே தரத்தில் நான்கு பேர் அமைவது அதிர்ஷ்டம். அதிலும் ஆணும் பெண்ணும் கலந்த அணியாக இருந்தாக வேண்டும் என்பது விதி. தேசியப் போட்டிக்கு வரும் அணிகளில், இரண்டு பேர் உலகத் தரத்திலும் மற்ற இரண்டு பேர் என்னைப் போலவும் இருப்பதைப் பார்க்கலாம். அந்த அணி இரண்டு பேரின் கையால் கோப்பையை வென்றுவிட்டால், நால்வரையும் அப்படியே சீனாவுக்கு எதிராக நிறுத்துவதா?


மறுப்புரை எழுதியது:

நிறுத்தலாம் என்றுதான் சொல்கிறேன், அண்ணா. தோற்றாலும் நிறுத்தலாம். அந்த மூன்றாவது, நான்காவது ஆட்டக்காரர்கள் ஒருமுறை உலகத் தரத்து ஆட்டத்தைப் பனித்தரையிலிருந்தே பார்த்துவிட்டு வந்தால், அவர்கள் மாகாணத்தில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போதோ தேசிய முகாமுக்குள் இருப்பவர்கள் நல்ல பனியும் நல்ல பயிற்சியாளரும் கிடைத்து மேலும் வளர்கிறார்கள். வெளியே இருப்பவர்கள் வெளியிலேயே நிற்கிறார்கள். அந்த முகாம் ஆட்டக்காரர்களே திரும்ப வந்து தத்தம் மாகாணத்துக்காகத் தேசியப் போட்டியிலும் ஆடும்போது, முகாமில் எவருமே இல்லாத மாகாணம் எப்படி ஈடுகொடுக்கும்?


பனிக்குருவி எழுதியது:

அதில் இரண்டு பக்கம் உண்டு. தேசிய அணியின் ஆட்டக்காரர் தன் மாகாண அணியில் அமர்வதால் எதிரணிக்குச் சுமை கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அவருடைய அணியிலேயே முதல் கல் வீசும் புதியவருக்குக் கிடைக்கும் பாடத்தை வேறெங்கும் விலைகொடுத்து வாங்க முடியாது. நான் தொண்டு செய்த போட்டியில், மூன்று தங்கம் வென்ற நாட்டின் சட்டையைப் பலமுறை அணிந்த ஒருவர், ஆட்டம் தோற்ற பிறகும் அரை மணி நேரம் தன் அணியின் இளைய ஆட்டக்காரருக்கு மணிக்கட்டைத் திருப்பும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பனி பராமரிப்பவர் தண்ணீர்த் தெளிப்பானுடன் காத்து நின்றார்.

முத்துநகரானுக்காக அந்தக் காட்சியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காலையில் தொண்டர்களின் முதல் வேலை, கதவருகில் ஈரத் துணியுடன் குனிந்து ஒவ்வொரு நாற்காலியின் சக்கரத்தையும் துடைப்பது. ரப்பர் சக்கரத்தில் ஒட்டிய ஒரு மணல், ஒரு தலைமுடி பனிமேல் விழுந்தால், அதன் மேல் ஏறும் கல் தடம் மாறிவிடும். பனித்தரை கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அதன்மேல் வெந்நீரைப் பொடித் துளிகளாகத் தூவி உறைய வைத்திருப்பார்கள். கையால் தடவினால் பலாத்தோலின் மழுங்கிய பக்கம் போல இருக்கும். கல் அந்த மேடுகளின் மேல்தான் மிதந்து போகிறது. எண்ட் முடிந்ததும் பதினாறு கற்களையும் காலால் ஒதுக்கித் தள்ள இங்கே ஆட்டக்காரர்களால் முடியாதாகையால், அதற்கும் நாங்கள் உதவிக்குப் போவோம். நான்கு நாட்களில் என் முதுகு போயே போய்விட்டது.


முத்துநகரான் எழுதியது:

பலாத்தோல் உவமையைப் படித்த பிறகுதான் கல் ஏன் அந்த அளவு வளைகிறது என்பது கொஞ்சம் பிடிபடுகிறது, அக்கா. அப்படியானால் தேசியப் போட்டி என்பது தேர்வாளர்கள் வந்து பார்த்துப் போகும் சந்தை மட்டும்தானா? கோப்பைக்கு என்று தனி அர்த்தம் இல்லையா?


கடைசிக்கல் எழுதியது:

தேர்வாளர் கண்ணில் படும் இடம் என்பதும் அதன் பயன்களில் ஒன்றுதான், அதைக் குறைவாக எண்ண வேண்டாம். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அதன் முதல் பயன் வேறு. தேசியப் போட்டி இருப்பதால்தான் மாகாணத்துக்கு ஓர் அணி வேண்டியிருக்கிறது. மாகாணத்துக்கு அணி வேண்டும் என்பதால்தான் தகுதிச் சுற்று நடக்கிறது. தகுதிச் சுற்று நடப்பதால்தான், நான் போகும் மன்றம் செவ்வாய்க்கிழமை மாலை ஆடும் பனித்தடம் ஒன்றை எங்களுக்கென்று ஒதுக்குகிறது. மேலே உள்ள அந்த ஒரு போட்டியை எடுத்துவிட்டால் கீழே உள்ள எல்லாம் சரியும்.

நான் முதலில் சேரப் போன வேறொரு மன்றத்தைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பனித்தரைக்கு மூன்று படி இறங்க வேண்டும், சாய்தளம் கிடையாது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கூடி உட்காரும் அறையோ மாடியில். கர்லிங்கில் வென்ற அணி தோற்ற அணிக்கு ஏதேனும் குடிக்க வாங்கித் தந்து ஒரே மேசையில் உட்காருவது மரபு. இந்த ஆட்டத்தின் பாதி அந்த மேசையில்தான் நடக்கிறது. என்னைப் பலகை போட்டு இரண்டு பேர் பனித்தரைக்கு இறக்கிவிட்டார்கள், அன்பாகத்தான் செய்தார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் மாடிக்குப் போய்விட்டார்கள். நான் கீழே காலணி அலமாரிக்குப் பக்கத்தில் வண்டிக்குக் காத்திருந்தேன். அடுத்த வாரம் போகவில்லை. இப்போது ஆடும் மன்றத்தில் சாய்தளமும் மின்தூக்கியும் வந்ததற்குக் காரணம், அவர்கள் ஒருமுறை மாகாணச் சக்கர நாற்காலிப் போட்டியை நடத்த விரும்பியதுதான்.

ஆகவே மறுப்புரை அவர்களே, வென்றவர்தான் போக வேண்டும் என்பதில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கோப்பைக்குப் பின்னால் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும் என்பதில் உடன்பாடு உண்டு. வென்ற அணியிலிருந்து ஒருவருக்கேனும் அடுத்த ஆண்டு முகாமில் கட்டாய இடம் என்று எழுதி வைக்கலாம். அளவுகோலும் இருக்கும், தேர்வாளர் கண்ணும் இருக்கும்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2026 மிலானோ–கோர்ட்டினா போட்டியிலிருந்து பாராலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் சக்கர நாற்காலி கர்லிங்கும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஓர் ஆண், ஒரு பெண், எண்டுக்கு ஐந்து கற்கள். முன்கூட்டியே தரையில் வைக்கப்படும் கற்கள் தனி. கடைசிக்கல் சொன்ன குறை, அதாவது ஒரே மாகாணத்தில் நான்கு பேர் ஒரே தரத்தில் அமையாத குறை, இதில் பாதியாகிவிடுகிறது. இரண்டு பேர் எங்கும் அமையலாம். பனிக்குருவி சொன்ன நீண்ட பழக்கத்தையும் இரண்டு பேருக்குள் வளர்ப்பது எளிது. நால்வர் அணிக்குத் தேர்வு, இருவர் அணிக்கு வென்றவரே செல்லும் உரிமை என்று வைத்தால் இரண்டு தரப்பின் நியாயமும் நிற்கும்.


மறுப்புரை எழுதியது:

ஐயா, கலப்பு இரட்டையருக்கு வென்ற ஜோடியையே அனுப்புவதென்றால் என் வாதத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நால்வர் அணியைப் பொறுத்தவரை, அண்ணா சொன்ன கட்டாய முகாம் இடம் எழுத்தில் வரும்வரை என் உறுத்தல் அப்படியே இருக்கும்.


பனிக்குருவி எழுதியது:

நால்வர் அணியைப் பற்றி நானும் இன்னும் முழுமையாக மனம் மாறவில்லை. ஏழு ஆண்டுகளாகச் சேர்ந்து ஆடிய அந்த இருவரில் ஒருவரை மட்டும் முகாமுக்கு அழைத்தால், அங்கே அவர் இடப்பக்கத்தை யார் அழுத்திப் பிடிப்பார்கள் என்றுதான் என் மனம் போகிறது.


கடைசிக்கல் எழுதியது:

பிடிப்பவரிடம் அவரே சொல்லிக்கொடுப்பார். ஒரு வாரத்தில் பழகிவிடும். நானும் என் பின்னால் வருபவர்களுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறேன்.


முத்துநகரான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடைசியாக அண்ணாவிடம் ஒரு கேள்வி. கல் கோலை விட்டுப் பிரிந்து மறுகோடிக்குப் போய்ச் சேர இருபது நொடிக்கு மேல் ஆகிறது. பெருக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?


கடைசிக்கல் எழுதியது:

கோலை மடியில் குறுக்காக வைத்துக்கொள்வேன். குறைவாக விட்டுவிட்டேன் என்றால் கோல் பிரிந்த கணமே மணிக்கட்டில் தெரிந்துவிடும். தெரிந்தும் "போ, போ" என்று கத்துவேன், எல்லோரும் கத்துவார்கள். கல்லுக்குக் காது கிடையாது என்று எங்கள் ஸ்கிப் ஒவ்வொரு வாரமும் சொல்வார், அடுத்த கல்லுக்கு அவரே எங்களைவிட உரக்கக் கத்துவார். பின்னால் இருப்பவர் மட்டும் எதுவும் பேச மாட்டார். கல் நிற்கும்வரை என் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவும் மாட்டார்.